மாமல்லன்: மற்களம் வளர்த்த மன்னன்

தொண்டை மண்டலத்தைப் பண்டையோர் இருபத்து நான்கு கோட்டங்களாகப் பகுத்திருந்தனர். அவற்றுள் ஒன்று தாமல் கோட்டம். ஒரு கோட்டத்திற்கே பெயர் தந்த ஊர் இது. காஞ்சிக்கு மேற்கே, பெருவழியை ஒட்டி, பரந்த ஏரியின் கரையில் அமர்ந்திருக்கும் இவ்வூரில் கூடிப் பத்தாண்டுகளாகத் தமிழ் பேசிவரும் நம் இலக்கிய வட்டத்தின் மலரில், காஞ்சியை ஆண்ட ஒரு மன்னனின் வாழ்வை எண்ணிப் பார்ப்பது பொருத்தமே ஆகும். அவன் நமக்கு அயலான் அல்லன். தாமல் கோட்டத்து நெல்லையும் நீரையும் காத்த குடையின்கீழ் இருந்தவன் அவன்.

அம்மன்னன் முதலாம் நரசிம்மவர்மன். நாம் அவனை மாமல்லன் என்றே அறிவோம். கல்கியின் சிவகாமியின் சபதம் 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்த நாளிலிருந்து, தமிழர் மனத்தில் அவன் ஒரு காதலனாகவே நிலைத்துவிட்டான். ஆயினும் சிவகாமி கதாசிரியரின் கற்பனை மகள். வரலாற்று மாமல்லனைக் காண வேண்டுமானால் செப்பேடுகளையும், கல்வெட்டுகளையும், அயல்நாட்டார் எழுதிவைத்த குறிப்புகளையும், பெரியபுராணத்தையும் நாடவேண்டும். அவ்வாறு நாடுவோர்க்குப் புலப்படும் மாமல்லன் கதையில் வரும் மாமல்லனுக்குச் சற்றும் இளைத்தவன் அல்லன்.

பெயரே சான்று

அரசர்கள் விருதுப் பெயர்களைச் சூடிக்கொள்வது பழைய வழக்கம். இவன் தந்தை மகேந்திரவர்மனுக்கு விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன் எனப் பல பெயர்கள் உண்டு. அவை அறிவின் பெயர்கள், கலையின் பெயர்கள். மகன் உவந்து ஏற்ற பெயரோ மகாமல்லன் என்பது. பெரிய மற்போர் வீரன் என்பது அதன் பொருள். வில்லைக் கொண்டோ வாளைக் கொண்டோ தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளாமல், படைக்கலம் ஏதுமின்றி வெறுங்கையோடு மண்ணில் இறங்கிப் பொருபவனின் பெயரை ஒரு பேரரசன் தனக்குரியதாகக் கொண்டான். இது எண்ணத் தக்கது.

தமிழகத்தில் அரசர் மற்போர் புரிவது புதிதன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன், ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியுள்ளார். முடிசூடியவனும் குடிமகனும் ஒரே மண்ணில் கைகோத்து நின்ற காட்சி அது. மற்களத்தில் குலப்பெருமை செல்லாது, பட்டம் செல்லாது. முதுகு மண்ணில் பட்டவன் தோற்றான். அவ்வளவே. புகழுரை கேட்டே வளரும் அரச குமாரனுக்குப் பொய் சொல்லாத ஓர் ஆசிரியர் உண்டென்றால் அது மற்களத்து மண்தான்.

மற்பயிற்சியின் முறையையும் இங்கே நினைவுகூரலாம். களத்து மண்ணைக் கொத்தி, கட்டி உடைத்து, கல் பொறுக்கி, மென்மையாக்குவதே பயில்வோனின் முதற்பணி. பின்னர் மண்ணைத் தொட்டு வணங்குதல், ஆசானை வணங்குதல். அடுத்து விழக் கற்றல். எவ்வாறு வீழ்த்துவது என்பதற்கு முன்னர், எவ்வாறு அடிபடாமல் வீழ்வது, வீழ்ந்தபின் எவ்வாறு எழுவது என்பதே கற்பிக்கப்படும். அதன்பின் பிடி. பிடித்த பிடியை உரிய நேரம் வரை விடாதிருத்தல், எதிரியின் மூச்சையும் நிறையையும் தன் உடம்பால் அறிதல், சினத்தால் அவசரப்படாதிருத்தல் ஆகியவை தொடர்ந்து வரும். இறுதியாக வருவது விடுதல். வென்றபின் எதிரியை விட்டுவிட்டு எழுந்து நிற்பது. இந்நான்கும் உடற்பயிற்சிபோல் தோன்றினும், உண்மையில் ஒழுக்கப் பயிற்சிகளே. மாமல்லனின் வாழ்வை இந்நான்கினையும் கொண்டு அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதிலுக்குள் கற்ற பாடம்

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தக்காணத்தில் பேராற்றலோடு எழுந்தவன் சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி. வடக்கே ஹர்ஷவர்த்தனனைத் தடுத்து நிறுத்திய பெருமை அவனுடையது. தெற்கே அவன் படை பல்லவ நாட்டை நோக்கித் திரும்பியபோது காஞ்சியில் அரசு புரிந்தவன் மகேந்திரவர்மன். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிப் பாறையைக் குடைந்து மண்டகப்பட்டில் கோயில் எடுத்தவன். மத்தவிலாசப் பிரகசனம் என்னும் எள்ளல் நாடகத்தை இயற்றியவன். அத்தகைய கலைஞன் ஒரு பெரும்படையை எதிர்கொள்ள நேர்ந்தது.

கி.பி. 634-ஐ ஒட்டி இரவிகீர்த்தி என்னும் புலவர் பாடிப் பொறித்த ஐஹொளெக் கல்வெட்டு, பல்லவ வேந்தன் சளுக்கியப் படையின் புழுதியில் ஒளி மங்கிக் காஞ்சியின் மதிலுக்குள் மறைந்தான் என்று பெருமிதத்தோடு கூறுகின்றது. பல்லவரின் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கின்றது. புள்ளலூர் காஞ்சிக்கு அண்மையில் உள்ள ஊர். இருதரப்புச் சான்றுகளையும் சேர்த்து நோக்கினால் ஒன்று தெளிவாகும். பகைவன் தலைநகரின் வாயில் வரை வந்தான், நகரம் விழவில்லை, ஆனால் வடபகுதியில் வேங்கி நாடு பறிபோயிற்று.

இளவரசன் நரசிம்மன் கண்ட முதற்களம் இதுவே எனலாம். தந்தை மதிலுக்குள் அடைபட்டதைக் கண்ட மகனுக்கு இரண்டு வழிகள் உண்டு. மானம் தாங்காமல் கதவைத் திறந்துகொண்டு ஓடி மடியலாம். அன்றேல், வீழ்ச்சியை வீழ்ச்சியென்று ஒப்புக்கொண்டு, எழும் நாளுக்காக உடலையும் நாட்டையும் ஆயத்தம் செய்யலாம். மற்களத்து மாணவன் இரண்டாவதையே தேர்வான். ஏறத்தாழ கி.பி. 630-இல் அரியணை ஏறிய நரசிம்மன், வாதாபியை வென்றது 642-இல். இடையே கிடந்தவை பன்னிரண்டு ஆண்டுகள். இலக்கியம் போரைப் பாடும், காத்திருப்பைப் பாடுவதில்லை. ஆயினும் ஓர் அரசனின் உள்ளுரம் அறியப்படுவது அந்தப் பாடப்படாத ஆண்டுகளில்தான்.

மூன்று களங்கள்

புலிகேசி மீண்டும் வந்தான். இம்முறை அவனை எதிர்த்தவன் மகன். பேரன் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, நரசிம்மன் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய இடங்களில் புலிகேசியை வென்றதைக் கூறுகின்றது. தோற்றோடிய புலிகேசியின் முதுகையே ஏடாகக் கொண்டு வெற்றி என்னும் எழுத்துகளை அவன் பொறித்தான் என்பது அச்செப்பேடு தரும் கற்பனை. கூரம் காஞ்சிக்கு அருகில் உள்ள சிற்றூர். மணிமங்கலம் தாம்பரத்திற்கு மேற்கே இன்றும் உள்ள ஊர். வாதாபியின் புகழ் மட்டுமே பேசுவோர் இந்த மூன்று களங்களை மறந்துவிடுகின்றனர்.

இவற்றில் மாமல்லனின் போர்முறை புலனாகின்றது. ஒரே களத்தில் எல்லாவற்றையும் பணயம் வைக்கவில்லை. பகைவனைத் தன் நாட்டு மண்ணிலேயே, தனக்குத் தெரிந்த ஏரிக்கும் வயலுக்கும் இடையிலேயே, ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களில் எதிர்கொண்டான். எதிரியின் மூச்சு வாங்கும் வரை பிடியை விடாத மல்லனின் முறை இது. பகைவன் சோர்ந்து திரும்பிய பின்னரே படையெடுப்பு என்னும் எண்ணம் செயலாயிற்று.

உடன் நின்றோர்

தலைமைப் பண்பு என்பது ஆணையிடுவதில் மட்டும் இல்லை. தன்னோடு நிற்போரை எவ்வாறு நடத்துகிறான் என்பதே தலைவனின் உரைகல். மாமல்லனைப் பற்றி அயல்நாட்டு நூலொன்று கூறும் செய்திகள் இங்குப் பெரிதும் துணைசெய்கின்றன.

அரசுரிமை இழந்த இலங்கை இளவரசன் மானவர்மன் காஞ்சிக்கு வந்து பல்லவனிடம் பணிபுரிந்தான் என்று சூளவம்சம் கூறுகின்றது. ஒருநாள் இருவரும் யானைமேல் சென்றபோது, மாமல்லன் இளநீர் பருகி எஞ்சியதை மானவர்மனிடம் நீட்டினான். எச்சில் என்று தயங்காமல், நண்பன் தந்தது என்று எண்ணி அவன் அதனைப் பருகினான். அதைக் கண்ட மாமல்லன் அவனைப் பணியாளனாக அல்லாமல் தனக்கு நிகரானவனாக நடத்தத் தொடங்கினான் என்பது கதை. ஒரு வாய் இளநீரில் நட்பு அளக்கப்பட்டது.

பின்னர் வல்லப மன்னனோடு, அதாவது சளுக்கியனோடு, போர் மூண்டது. தன் நாட்டை மீட்கும் நோக்கோடு வந்திருப்பவன் பிறர் போரில் இறந்துபடலாகாது என்று கருதிய மாமல்லன், மானவர்மனை நகரிலேயே விட்டுச் சென்றான். நண்பன் களத்தில் நிற்கத் தான் நகரில் இருப்பது தகாது என்று எண்ணி மானவர்மன் பின்தொடர்ந்தான். தோளோடு தோள் நின்று பொருதான். படைக்கு ஆள் தேவைப்பட்ட வேளையில் ஒரு வீரனை அவன் நலம் கருதி விட்டுச்செல்லும் தலைவன் அரியன். அழைக்கப்படாமலே தொண்டன் ஓடிவருவது அத்தகைய தலைவனுக்காகத்தான். பின்னாளில் மானவர்மனுக்குக் கடற்படை தந்து உதவிய செய்தியையும் அந்நூல் கூறுகின்றது. பல்லவர் செப்பேடுகளும் மாமல்லனின் இலங்கை வெற்றியைப் போற்றுகின்றன.

வாளும் மருந்தும்

பல்லவ நாட்டில் ஒரு வீரன் என்னென்ன பயின்றான் என்பதைத் தெளிவாகக் காட்டுவது பெரியபுராணம். வாதாபிப் படையெடுப்பின் தலைவராகப் போற்றப்படும் பரஞ்சோதியாரின் கல்வியைச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குடியில் பிறந்த அவர், மருத்துவ நூலைக் கற்றார். வடமொழிக் கலைகளைக் கற்றார். படைக்கலப் பயிற்சி பெற்றார். யானையேற்றமும் குதிரையேற்றமும் பயின்றார். சிவன்பால் அன்பு இவை அனைத்திற்கும் மேலாக நின்றது.

வெட்டக் கற்ற கைக்கு ஆற்றவும் கற்பித்த கல்விமுறை இது. உடம்பின் எந்த இடத்தில் அடித்தால் உயிர் போகும் என்பதை அறிந்தவன், எந்த இடத்தில் மருந்திட்டால் உயிர் மீளும் என்பதையும் அறியவேண்டும் என்பது அதன் உட்கருத்து. சிலம்ப ஆசான்களிடம் வர்ம மருத்துவமும் சேர்ந்தே வழங்கிவந்த நம் நாட்டு மரபும் இவ்வழிப்பட்டதே.

பரஞ்சோதியார் வாதாபியைத் துகளாக்கி, மணியும் பொருளும் யானையும் குதிரையும் கொணர்ந்தார் என்கிறது புராணம். அவருடைய ஆற்றலை அரசன் வியந்தபோது, அவர் சிவனடியார் என்பதை அமைச்சர் எடுத்துரைத்தனர். அடியார் ஒருவரைக் கொடிய போர்முனைக்கு அனுப்பிவிட்டோமே என்று அரசன் நடுங்கினான். பிழை பொறுக்குமாறு வேண்டினான். பெருநிதி தந்து, அவர் விரும்பிய தொண்டு நெறியில் செல்ல விடை கொடுத்தான். சேக்கிழார் அரசன் பெயரைக் கூறவில்லை. வாதாபி வெற்றியைக் கொண்டு அவன் மாமல்லனே என்று வரலாற்றறிஞர் கொள்வர். வெற்றி தேடித் தந்த படைத்தலைவனை இறுக்கிப் பிடித்துக்கொள்வதே அரசர் இயல்பு. இவனோ பிடியைத் தளர்த்தினான். ஒரு பேரரசன் தன் படைத்தலைவரிடம் மன்னிப்பு வேண்டி நின்றதாகத் தமிழ் மரபு நினைவில் வைத்திருப்பது சிறிய செய்தி அன்று. பரஞ்சோதியார் சிறுத்தொண்டர் ஆனார். திருஞானசம்பந்தரின் பதிகத்திலும் அவர் பெயர் இடம்பெற்றது.

வாதாபி

கி.பி. 642-இல் பல்லவப் படை வாதாபியை அடைந்தது. இன்றைய கருநாடக மாநிலத்தில் பாதாமி என வழங்கும் ஊர் அது. செம்மணற்கல் குன்றுகள் சூழ, நடுவே ஏரி விளங்க, இயற்கையே கோட்டை கட்டித் தந்த நகரம். அந்நகரம் வீழ்ந்தது. அதன்பின் புலிகேசியின் குரல் வரலாற்றில் ஒலிக்கவில்லை. நகர் நடுவே நின்ற வெற்றித்தூணை மாமல்லன் கைக்கொண்டதை வேலூர்ப்பாளையம் செப்பேடு கூறுகின்றது. வாதாபி என்னும் அரக்கனை அழித்த அகத்தியரோடு அவனை ஒப்பிட்டுச் செப்பேடுகள் மகிழ்கின்றன. பாதாமியின் பாறையிலேயே மாமல்லனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சிதைந்த நிலையில் காணப்படுகின்றது. வாதாபி கொண்டவன் என்னும் பட்டம் அன்று பிறந்தது. சளுக்கிய அரசு நிமிர்ந்து எழப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

இப்போருக்குச் சற்று முன்னர், ஏறத்தாழ 640-இல், சீனப் பயணி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். இந்நாட்டு மக்கள் துணிவுடையோர், வாய்மையில் பற்றுடையோர், கல்வியைப் போற்றுவோர் என்று அவர் எழுதிவைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும், பதினாயிரம் துறவியரும், எண்பதளவில் பிற சமயக் கோயில்களும் இருந்தன என்றும் குறித்தார். போருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாட்டில் ஓர் அயலார் கண்டவை துணிவு, வாய்மை, கல்வி என்னும் மூன்று. படைப் பெருக்கம் அறிவையும் சமயப் பொறையையும் விழுங்கிவிடவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த நடுநிலைச் சான்று வேறில்லை.

கல்லில் நிற்கும் களம்

மாமல்லபுரம் இவன் விருதுப்பெயரைத் தாங்கிய ஊர். அங்குள்ள கோயில்களுள் எவை இவன் காலத்தவை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் மகிடாசுரமர்த்தினி மண்டபத்துச் சிற்பத்தை இவன் காலத்ததாகவே பலரும் கருதுவர். மலருக்காக அங்குச் செல்லும் அன்பர்கள் அதன்முன் சற்று நேரம் நிற்கவேண்டும்.

சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லை வளைத்து முன்னேறுகிறாள் கொற்றவை. எதிரே எருமைத் தலையோடு, கையில் தண்டு ஏந்தி, பேருருவாய் நிற்கிறான் மகிடன். அவன் இன்னும் வீழவில்லை. பின்வாங்கும் அடி எடுத்துவைத்த நிலையிலும் அவன் உடலில் வலிமை குன்றவில்லை. பிற இடங்களில் அவன் காலடியில் மிதிபட்டுக் கிடப்பான். இங்கோ எதிரிக்கு உரிய மதிப்பைச் சிற்பி மறுக்கவில்லை. எதிரியின் வலிமையை உள்ளபடி அறிந்து பொருபவன் மல்லன். அந்த மனப்பாங்கே கல்லில் உருப்பெற்றுள்ளது எனத் தோன்றுகின்றது.

எஞ்சி நிற்கும் வினா

வீழ்தல், எழுதல், பிடித்தல் ஆகியவற்றில் மாமல்லன் தேறியவன். விடுதல் என்னும் இறுதிப் பாடத்தில் அவன் தேறினானா? இவ்வினாவை மறைத்துவிட்டுப் புகழ் மட்டுமே பாடுவது வரலாற்றுக்கு அழகன்று. தன் படைத்தலைவரை விட்டுக்கொடுக்க முடிந்தவனுக்குப் பகைவனின் நகரை விட்டுவிட முடியவில்லை. வாதாபி துகளாயிற்று என்று நாம் பெருமையோடு படிக்கும்போது, அங்கும் தறி நெய்தோரும் உழுதோரும் கல் செதுக்கியோரும் வாழ்ந்தனர் என்பதை எண்ணவேண்டும்.

துகளான நகரம் பகையையும் துகளாக்கிவிடவில்லை. ஏறத்தாழ 655-இல் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் வாதாபியை மீட்டான். மாமல்லனின் பேரன் பரமேசுவரவர்மன் காலத்தில் சளுக்கியப் படை காஞ்சியைக் கைக்கொண்டு காவிரிக்கரை வரை வந்தது. ஒரு தலைமுறையின் வெற்றி அடுத்த தலைமுறைகளின் கடனாயிற்று.

ஆயினும் அக்கடன் தீர்ந்த வகை வியப்புக்குரியது. மாமல்லனின் கொள்ளுப்பேரனும் அவன் பெயரையே தாங்கியவனுமான இராசசிம்மன் காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலை எழுப்பினான். ஏறத்தாழ 740-இல் சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெற்றி வீரனாகக் காஞ்சிக்குள் நுழைந்தான். வாதாபிக்குப் பழிவாங்க அவனுக்குக் காரணம் இருந்தது, ஆற்றலும் இருந்தது. அவனோ நகரை அழிக்கவில்லை. கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனைக் கவராமல் இறைவனுக்கே திருப்பி அளித்தான். அச்செய்தியைக் கன்னட மொழியில் அக்கோயிலின் தூணிலேயே பொறித்துவைத்தான். அவன் அரசி உலோகமாதேவி பட்டடக்கல்லில் எடுத்த கோயில் கயிலாசநாதர் கோயிலின் சாயலைத் தாங்கி இன்றும் நிற்கின்றது. எதிரியை வென்றும் விட்டு எழுந்து நின்ற மல்லன் அன்று காஞ்சியில் காணப்பட்டான். அவன் பகைவர் குலத்தில் பிறந்தவன் என்பதே வரலாறு நமக்குத் தரும் பாடம். பண்பு எந்த ஒரு குலத்துக்கும் நாட்டுக்கும் தனியுடைமை அன்று.

நமக்கு

இன்று நம் பிள்ளைகள் சிலம்பமும், மற்போரும், கீழை நாட்டுக் கலைகளாகிய கராத்தே முதலியனவும் பயில்கின்றனர். பெற்றோர் பெரிதும் எண்ணுவது பதக்கத்தையே. அதில் தவறில்லை. ஆயினும் மாமல்லனின் வாழ்வு அதற்கு அப்பால் நோக்கச் சொல்கின்றது. பயிற்சி வலிமையைத் தரும். அவ்வலிமை பண்பாக மாறுவது தோல்வியில் துவளாதிருக்கும்போதும், தோழனை நிகராக மதிக்கும்போதும், பிழை செய்தால் கீழ்நிலையில் உள்ளவரிடமும் பொறுத்தருள வேண்டும்போதும்தான். எல்லாவற்றிலும் அரியது வெற்றிக்குப் பின்னர்க் கையை மடக்கிக்கொள்வது. பேரரசனுக்கே முழுமையாகக் கைவராத பாடம் அது. ஆதலின் நாள்தோறும் பயிலவேண்டிய பாடம்.

நம் பகுதியில் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்வோர் இதனை எளிதில் உணர்வர். இழையை இழுத்துப் பிடிக்கவும் வேண்டும்; அளவறிந்து தளர்த்தவும் வேண்டும். இழுக்க மட்டும் தெரிந்த கை இழையை அறுத்துவிடும்.

ஏறத்தாழ 668-இல் மாமல்லனின் ஆட்சி முடிவுற்றது. அவனைப் பெருமையோடு நினைப்போம். அவன் விட்டுச்சென்ற வினாவையும் சேர்த்தே நினைப்போம். அடுத்த முறை காஞ்சிக்குச் செல்லும்போது கயிலாசநாதர் கோயிலில் அந்தக் கன்னட எழுத்துகளின்முன் ஒருகணம் நின்று, மாமல்லனையும் விக்கிரமாதித்தனையும் ஒருங்கே வணங்கி வருவோம்.